அரைப்பேரும் மூச்சுப் பயிற்சியும்

எங்களில் ஒருத்தியின் அம்மா போன வருஷம் ஒரு செயலமர்வுக்குப் போய்விட்டு வந்தார். தோட்டத்துக் கலாசார மண்டபத்தில் 'மன அழுத்த முகாமைத்துவம்' என்று பெனர் கட்டியிருந்தார்களாம். கொழும்பிலிருந்து ஒரு மிஸ் வந்தாராம். நல்ல மனுஷி, சிரித்த முகம். ஸ்கிரீனில் படம் போட்டார், எழுத்தெல்லாம் இங்கிலீஷ். எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னார், நாலு எண்ணி மூச்சை இழுத்து நாலு எண்ணி விடச் சொன்னார். "உங்களுக்குப் பிடிச்ச அமைதியான ஒரு இடத்த மனசுல கொண்டு வாங்க" என்றார். கடைசியில் ஒரு பன், ஒரு பால் பக்கெட், ஒரு குரூப் போட்டோ.

அம்மா வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னது இவ்வளவுதான்: "எல்லாம் நல்லாத்தான் இருந்திச்சி புள்ள. ஆனா மலைக்குப் போக பன்னெண்டு மணி ஆயிருச்சி. கிலோ வரல. அரைப்பேருதான் போட்டாங்க."

மலையகத்துக்கு வெளியே இருந்து வாசிக்கிறவர்களுக்காக: செக்ரோலில் பேர் விழுந்தால் ஒரு நாள் சம்பளம். தோட்டம் கேட்கிற கிலோ கொழுந்து வராவிட்டால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். ஆக, மன அழுத்தத்தைக் குறைக்கச் சொல்லித் தருகிற வகுப்புக்குப் போனதற்காக ஒரு மனுஷி அன்றைக்குப் பாதிச் சம்பளத்தை இழந்தார். போட்டோவில் அவர் இரண்டாவது வரிசையில் நிற்கிறார். சிரித்துக்கொண்டுதான் நிற்கிறார்.

எங்கள் சண்டை அந்த மிஸ்ஸோடு இல்லை. மூச்சுப் பயிற்சியோடும் இல்லை, அது சிலருக்கு உதவும். தோட்டத்தில் மனநலப் பயிற்சியே வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை. வேண்டும், அதுவும் அவசரமாக வேண்டும். ஆனால் இப்போது நடப்பது ஆள் மாறிய பயிற்சி. கொழுந்து பறிக்கிறவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "நீ எப்படித் தாங்கணும்" என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். அவள் தாங்க வேண்டியதை உண்டாக்குகிறவர்களை யாரும் கூப்பிட்டு உட்கார வைப்பதில்லை.

தோட்டத்தில் 'வேலைத்தளம்' என்றால் என்ன என்று முதலில் பார்ப்போம். கொழும்பில் ஒரு ஒபிஸில் வேலை செய்கிறவருக்கு வேலைத்தளம் ஐந்து மணிக்கு முடிகிறது. பசறையிலோ நமுனுகுலையிலோ மடூல்சீமையிலோ அப்படி இல்லை. காலையில் பெரட்டுக்களத்தில் நிற்கிறபோது துரை முதலாளி. மத்தியானம் மடுவத்தில் தராசு முதலாளி. சாயங்காலம் லயத்துக்கு வந்தால் அந்தக் காம்பராவும் தோட்டத்துடையது, தண்ணி பீலியும் தோட்டத்துடையது, பிள்ளையை விடுகிற பிள்ளைக் காம்பராவும் தோட்டத்துடையது. 1992-ல் தோட்ட நிர்வாகம் கம்பெனிகளுக்குப் போன பிறகும் இந்த அமைப்பு மாறவில்லை. கூரை ஒழுகுகிறது என்று சொல்லப் போவதும், சம்பளம் குறைகிறது என்று சொல்லப் போவதும் ஒரே ஒபிஸுக்குத்தான். ஒரு இடத்தில் வாயைத் திறந்தால் இன்னொரு இடத்தில் அடி விழுமோ என்கிற பயம் எங்கள் அம்மாமாருக்கு வருஷக்கணக்காக உடம்பில் ஊறிப்போனது. அதை 'சுபாவம்' என்கிறார்கள். "எங்க ஆளுங்க பயந்த சுபாவம்" என்று நாங்களே சொல்லியிருக்கிறோம், வெட்கமாக இருக்கிறது.

தராசைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு இடத்தில் 18 கிலோ கேட்பார்கள், பக்கத்தில் 20 கேட்பார்கள். மழைக்காலத்தில் கொழுந்து கிடைக்கும், வரட்சியில் கிடைக்காது. கேட்கிற கணக்கு மட்டும் மழை வெயில் பார்த்து இறங்குவது குறைவு. நிறுக்கும்போது சாக்குக்கு என்று ஒரு கழிவு, தண்ணிக்கு என்று ஒரு கழிவு. வெயில் நாளில்கூட தண்ணிக் கழிவு போடுகிற இடங்கள் உண்டு. அதைக் கேட்டால் எல்லார் முன்னாலேயும் ஒரு வார்த்தை விழும். அந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது, கேட்டவர்களுக்குத் தெரியும். மலையில் கக்கூஸ் கிடையாது, மறைவு தேடிப் போக வேண்டும். எப்போது குளவி கலையும் என்று தெரியாது. அட்டை கடித்த காலோடு மடுவத்துக்கு வந்து, தன் அம்மா வயதுக்காரியைப் பேர் சொல்லித் திட்டுகிற ஒரு பொடியனுக்கு முன்னால் நிற்க வேண்டும். 'அமைதியான ஒரு இடத்தை மனசுல கொண்டு வாங்க' என்று மிஸ் சொன்னபோது அம்மாவுக்கு ஒன்றும் வரவில்லையாம். "எனக்குத் தெரிஞ்ச எடமெல்லாம் இதுதானே" என்று சிரித்தார்.

உலக சுகாதார நிறுவனம் 2022 செப்டெம்பரில் வேலைத்தள மனநலம் பற்றி வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. மனச்சோர்வாலும் பதகளிப்பாலும் உலகத்தில் வருஷத்துக்கு 1,200 கோடி வேலை நாட்கள் இழக்கப்படுகின்றன என்று அதையொட்டிச் சொன்னார்கள். இந்த எண்ணைத்தான் எல்லாக் கம்பெனிக் கூட்டங்களிலும் ஸ்கிரீனில் போடுகிறார்கள். போடாமல் விடுவது பரிந்துரைகளின் வரிசையை. அவை தொடங்குவதே வேலையின் அமைப்பை மாற்றுவதிலிருந்து: வேலைப்பளு, நேரம், தொல்லை, அவமதிப்பு. அடுத்து வருவது மேலே இருக்கிறவர்களுக்கான பயிற்சி. தொழிலாளிக்கான பயிற்சி அதற்கும் பிறகு. எங்கள் தோட்டங்களில் அந்த வரிசையைத் தலைகீழாக்கி, கடைசியில் இருப்பதை மட்டும் எடுத்து, ஒரு பன்னோடு கொடுத்து முடிக்கிறார்கள்.

அப்படியானால் பயிற்சி யாருக்கு? துரைக்கு, சின்னத்துரைக்கு, பீல்ட் ஒபிசருக்கு, கணக்கப்பிள்ளைக்கு, கங்காணிக்கு. அவர்களை டொக்டராக்கச் சொல்லவில்லை. அந்த வழிகாட்டியும் அதைச் சொல்லவில்லை. கண்ணுக்கு முன்னால் இருப்பதைப் பார்க்கப் பழக்கினால் போதும்.

செக்ரோலையே எடுத்துக்கொள்வோம். ஒரு பெண் தோட்டத்தில் பேர் பதிந்த நாளிலிருந்து எத்தனை நாள் வந்தாள், எத்தனை கிலோ பறித்தாள் என்று நாள்தவறாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். இருபது, முப்பது வருஷத்துக் கணக்கு. எந்த மனநல டொக்டர் கையிலும் இப்படி ஒரு குறிப்பு கிடைக்காது. எப்போதும் 22 கிலோ எடுக்கிற ஒருத்தி திடீரென்று ஒரு வாரம் 11, 12 என்று இறங்கினால் அவளுக்கு ஏதோ நடந்திருக்கிறது. தூக்கமில்லாமல் இருக்கலாம். வீட்டில் அடி விழுந்திருக்கலாம். கொழும்புக்கு வேலைக்குப் போன மகனிடமிருந்து போன் வராமல் இருக்கலாம். ஒன்றுமே காரணமில்லாமல் மனசு இருண்டு கிடக்கலாம், அதுவும் நோய்தான். அந்த இறக்கத்தை வீட்டுக்காரனுக்கு முன்னாலேயே, டொக்டருக்கு முன்னாலேயே பார்க்கிறவர் கணக்கப்பிள்ளை. பார்த்துவிட்டு என்ன செய்கிறார்? அரைப்பேர் போடுகிறார்.

தனியாகக் கூப்பிட்டு "என்னாம்மா, ஒரு வாரமா ஒரு மாதிரி இருக்கீங்க" என்று கேட்க அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. நாங்கள் கேட்கிற பயிற்சியின் முதல் பாடம் இதுதான். இரண்டாவது பாடம், எல்லார் முன்னாலேயும் திட்டக்கூடாது. மூன்றாவது, கேட்டதை மடுவத்தில் ஊர்க்கதையாக்கக்கூடாது. இதைச் சொல்லிக் கொடுக்க கொழும்பிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை என்றுகூடத் தோன்றும். ஆனால் எழுதி வைத்து, பயிற்சி கொடுத்து, மீறினால் கேள்வி கேட்கிற ஏற்பாடு இல்லாவிட்டால் இது கங்காணியின் நல்ல மனசை நம்பியே கிடக்கும். நல்ல மனசுள்ள கங்காணிமார் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பேரும் கிடைப்பதில்லை, பதவி உயர்வும் கிடைப்பதில்லை.

(துரைமாருக்கும் அழுத்தம் உண்டு என்று எங்களுக்குத் தெரியும். கொழும்பிலிருந்து வருகிற உற்பத்திக் கணக்குக்குப் பயந்து இரவில் தூங்காத சின்னத்துரைமார் இருக்கிறார்கள். அவர்கள் தலைக்கு மேலேயும் ஒரு தராசு தொங்குகிறது. அது அவர்களுக்கும் பயிற்சியும் உதவியும் வேண்டும் என்பதற்கான காரணம். கீழே இருக்கிறவளைத் திட்டுவதற்கான லைசன்ஸ் இல்லை.)

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் பார்த்தோம். வேலைத்தளப் பாதுகாப்புக்கு இலங்கையில் இன்றைக்கும் கைகாட்டுகிற பிரதான சட்டம் 1942-ஆம் ஆண்டின் 45-ஆம் இலக்க தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். பேரிலேயே விஷயம் இருக்கிறது. கொழுந்து தொழிற்சாலைக்குள் நுழைந்த பிறகு அதை அரைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிறவருக்கு அந்தச் சட்டம். கொழுந்தைப் பறிக்கிற மலை தொழிற்சாலை இல்லை. மனநோய்ச் சட்டமோ அதற்கும் பழசு. அதன் வேர் 1873-ல் வந்த கட்டளைச் சட்டம், நடுவில் சில திருத்தங்கள். 1873-ல் இந்த மலைகளில் பெரும்பாலும் கோப்பிதான் இருந்தது. கோப்பி போய், தேயிலை வந்து, வெள்ளைக்காரத் துரை போய், அரசாங்கம் எடுத்து, கம்பெனி வந்து, 2023-ல் நாங்கள் வந்து 200 வருஷம் என்று விழாவும் எடுத்தாகிவிட்டது. அந்தச் சட்டம் மட்டும் வேரோடு நிற்கிறது. புதுச் சட்டம் வரும் என்று எத்தனையோ தடவை பேசியாகிவிட்டது.

சட்டம் இல்லாத இடத்தை முன்பு கொஞ்சமாவது நிரப்பியது கூட்டு ஒப்பந்தம். அதிலும் குறைகள் ஆயிரம், நாங்களே அதைத் திட்டி எழுதியிருக்கிறோம். ஆனால் 2021-ல் சம்பள நிர்ணய சபை வழியாக 1000 ரூபா வந்தபோது கம்பெனிகள் ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. அதற்குப் பிறகு தொழிற்சங்கப் பேச்சு முழுக்க ஒரு நாள் சம்பளத்தைச் சுற்றித்தான். 1000, பிறகு 1350, 2026-ல் 1550, அதோடு அரசாங்கத்தின் வரவு ஊக்கத்தொகை 200, ஆக 1750. நல்லது, வரட்டும், இன்னும் வரட்டும். ஆனால் கிலோவைப் பற்றி, வேலைப்பளுவைப் பற்றி, மடுவத்தில் பேசுகிற பேச்சைப் பற்றித் தோட்டத் தலைவர் போய்ப் பேசக் கையில் இருந்த காகிதம் போய்விட்டது. சம்பளம் ஏறிய அடுத்த நாளே கிலோவையும் ஏற்றிய கதையை ஊவாவில் எந்த லயத்தில் கேட்டாலும் சொல்வார்கள்.

அந்த 200 ரூபாயைக் கொஞ்சம் கவனியுங்கள். வரவுக்கு ஊக்கத்தொகை. வேலைக்கு வந்தால் கிடைக்கும். அப்படியென்றால் கிளினிக் நாளுக்கு?

எங்களில் ஒருவனின் சித்தி மாதம் ஒரு தடவை மனநல கிளினிக்குக்குப் போகிறார். விடிய முன்னமே தோட்டத்திலிருந்து நடந்து ரோட்டுக்கு வந்து முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் நம்பர் எடுத்து, டொக்டரைப் பார்த்து, மருந்து வாங்கி, திரும்பி வர மூன்று மணி, நாலு மணி. அன்றைக்குப் பேர் இல்லை. சம்பளம் போச்சு, ஊக்கத்தொகை போச்சு, பஸ்ஸுக்கு வேறு காசு. கொஞ்சம் சுகமானதும் சித்தி செய்த முதல் காரியம் கிளினிக்கை நிறுத்தியது. "நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு ஒரு பேர விடணும்" என்றார். நாலு மாதத்தில் மறுபடி படுத்துவிட்டார். சொந்தக்காரர்கள் "இங்கிலீஷ் மருந்து கேக்கல" என்றார்கள். மருந்து கேட்டது. கேட்காமல் போனது செக்ரோல்.

மொழி இன்னொரு கதை. அப்போது எங்கள் நண்பனுக்குப் பதினாறு வயது. சித்திக்குச் சிங்களம் சரியாக வராது, டொக்டருக்குத் தமிழ் தெரியாது, இவன்தான் நடுவில். டொக்டர் பாவம், பொறுமையாகத்தான் கேட்டிருக்கிறார். வாழப் பிடிக்காத மாதிரி யோசனை வருதா என்று கேட்கச் சொல்லியிருக்கிறார். இவன் சித்தியைப் பார்த்தான். சின்ன வயதில் இவனைத் தூக்கி வளர்த்தவர். அந்தக் கேள்வி வாயில் வரவில்லை. "ராவுல தூக்கம் வருதான்னு கேக்குறாங்க சித்தி" என்றான். சித்தி "வருது" என்றார். இவன் டொக்டரிடம் "இல்லையாம்" என்றான். இந்தக் கதையை அவன் எங்களிடம் சொல்லவே ஆறு வருஷம் ஆனது.

பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை, ஹாலிஎல, ஹல்துமுல்லை இவையெல்லாம் 1999-லேயே இருமொழி நிர்வாகப் பிரிவுகள் என்று வர்த்தமானியில் போட்டாகிவிட்டது. காணி, பிறப்புச் சான்றிதழ் விஷயத்தில் தமிழில் பதில் வராவிட்டால் இன்றைக்கு யாராவது சண்டையாவது பிடிக்கிறார்கள். மனநோய் கிளினிக்கில் மொழிபெயர்ப்பாளர் இல்லை என்று யாரும் சண்டை பிடிப்பதில்லை, ஏனென்றால் அங்கே போனதையே வெளியில் சொல்ல முடியாது. எக்ஸ்ரேக்கு மொழி தேவையில்லை. இந்த நோய்க்குப் பேச்சுதான் எக்ஸ்ரே. அதைப் பதினாறு வயதுப் பையன் கையில் கொடுக்கிறார்கள்.

"இதெல்லாம் மாறாது தம்பி, மனசுதான் மாறணும்" என்கிறவர்களுக்கு இந்த நாட்டிலேயே நடந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறோம். 1995-ல் இலங்கையில் தற்கொலை வீதம் ஒரு லட்சம் பேருக்கு 47. உலகத்திலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று. அதற்குப் பிறகான இருபது வருஷத்தில் அது கிட்டத்தட்ட 70 வீதம் குறைந்தது. என்ன செய்தார்கள்? லட்சக்கணக்கான பேருக்கு மூச்சுப் பயிற்சி கொடுத்தார்களா? இல்லை. மிகக் கடுமையான விவசாய நஞ்சுகளை 1984-லிருந்து படிப்படியாகத் தடை செய்தார்கள். 1995-ல் ஒரு பெரிய தடை, 1998-ல் இன்னொன்று, 2008-க்கும் 2011-க்கும் இடையில் மேலும் சில. இந்தக் குறைவுக்குப் பிரதான காரணம் அந்தத் தடைகள்தான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஒரு கெட்ட ராத்திரியில் எட்டுகிற தூரத்தில் என்ன இருக்கிறது என்பதை அரசாங்கம் மாற்றியது, ஆயிரக்கணக்கான பேர் அந்த ராத்திரியைக் கடந்து அடுத்த நாள் காலையைப் பார்த்தார்கள். 1998-ல்தான் தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்குகிற சட்டப்பிரிவையும் எடுத்தார்கள். அதற்கு முன்பு பிழைத்து வந்தவருக்குப் பொலிஸ் காத்திருந்தது.

எங்கள் மக்களின் கவலை அதனால் தீர்ந்துவிட்டது என்று சொல்லவில்லை. உயிர் தப்பியது வேறு, துக்கம் தீர்ந்தது வேறு. ஆனால் சூழ்நிலையை மாற்றினால் உயிர் மிஞ்சும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். தோட்டத்து மருந்து ஸ்டோரின் சாவி யார் கையில், பூட்டு ஒழுங்காக இருக்கிறதா என்பதும் வேலைத்தள மனநலம்தான். அது எந்தச் செயலமர்வின் ஸ்கிரீனிலும் வருவதில்லை.

மீரியபெத்தையை மறக்க முடியுமா? 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தைப் பக்கம் அந்த லயங்கள் மண்ணுக்குள் போயின. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வரும்போது வீடும் இல்லை, அப்பா அம்மாவும் இல்லை. அது சரியக்கூடிய இடம் என்று 2005-லும் 2011-லும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. தப்பியவர்களில் பலர் நீண்ட காலம் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் கிடந்தார்கள், வீடுகள் கையில் கிடைக்க 2016 அக்டோபர் ஆனது. மனுஷனுக்கு வேலைத்தளமே வீடு, வீடு போனால் மறுபடி வேலைத்தளக் கட்டடத்திலேயே படுக்கை! முதல் வாரங்களில் கெமராக்காரர்கள் வந்தார்கள், மந்திரிமார் வந்தார்கள், ஆறுதல் சொல்கிறவர்களும் வந்தார்கள். ஒரு மழைக்காலம் முடிய முன்னமே எல்லாரும் போய்விட்டார்கள். ஆனால் பயம் மழையோடு திரும்பத் திரும்ப வருகிறது. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மண் இறங்கியபோது வந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் பதுளை மாவட்டத்தின் எத்தனையோ இடங்களில் மலை இறங்கியபோது வந்தது. இன்றைக்கும் ராத்திரி மழை பலத்தால் உடுப்போடு, செருப்போடு உட்கார்ந்து விடியப் பார்க்கிற வீடுகள் இருக்கின்றன. காலை பெரட்டில் அந்தத் தூங்காத கண்ணைப் பார்த்து என்ன கேட்பார்கள்? "என்னா, ராவு கூத்துப் பாத்தியா?"

வடக்கில் யுத்தத்தின் நடுவிலேயே பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் ஆசிரியர்களுக்கும் கிராமத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் அடிப்படை உளவளப் பயிற்சி கொடுத்தார்கள், தமிழில் எழுதினார்கள். யாழ்ப்பாணத்தில் சாந்திகம் 1987-லிருந்து இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு கிழக்கில் ஊர்க்காரர்களையே பயிற்றி வேலைக்கு எடுத்தார்கள். தமிழில் இதைச் செய்ய ஆளும் புத்தகமும் இல்லை என்று எவரும் எங்களிடம் சொல்ல முடியாது. அந்த அனுபவம் மலையேறி ஊவாவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். யுத்தமும் சுனாமியும் பேரிடர், எங்களுடையது வழமை என்று நினைத்துவிட்டார்கள் போல.

எங்கள் பக்கத்திலிருந்தே வருகிற ஒரு மறுப்பு இருக்கிறது. தோழர்கள் சிலர் சொல்கிறார்கள்: "மொதல்ல சம்பளம், காணி, வீடு. அதக் குடுத்தா மனசு தானா சரியாகும். கவுன்சலிங் எல்லாம் பிரச்சினையத் திசை திருப்புற வேலை." பாதி சரி. அந்தப் பாதியைத்தான் மேலே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். ஆனால் மற்றப் பாதி? காணியுறுதி வரும்வரை சித்தி எங்கே போவார்? 7 பேர்ச் காணிக்கு எத்தனை வருஷமாகக் காத்திருக்கிறோம் என்று உங்களுக்கே தெரியும். நோய்க்கு வரிசை தெரியாது. அதோடு, காணியும் வீடும் நல்ல சம்பளமும் உள்ளவர்களுக்கும் மனச்சோர்வு வருகிறது. எங்கள் ஆட்களுக்கு மட்டும் அது வறுமையின் வால் என்று சொல்வது அவர்களை முழு மனுஷராகப் பார்க்காதது.

நாங்களும் யோக்கியர்கள் இல்லை. "அங்கொடைக்கு அனுப்பணும்" என்று ஸ்கூலில் எத்தனை பேரைக் கேலி செய்திருப்போம். ஒரு அக்கா பேசாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது லயம் முழுக்க 'காத்து கருப்பு' என்று முடிவு செய்தது, நாங்களும் சாமியாடியைக் கூப்பிடத் துணையாகப் போனோம். ஆம்பிளைகளின் எல்லாச் சோகத்துக்கும் ஒரே பேர் வைத்தோம்: குடிகாரன். ஏன் குடிக்கிறான் என்று கேட்டதே இல்லை, அந்தக் குடிக்குப் பின்னால் வீட்டில் அடி வாங்குகிறவளையும் கேட்டதில்லை. இப்போது போனில் ஒக்டோபர் 10 வந்தால் மனநல தினத்துக்கு இங்கிலீஷில் ஸ்டேட்டஸ் போடுகிறோம். அது எங்கள் அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாத பாஷை.

அம்மாவின் பாஷை வேறு. லயத்தில் யாரும் 'மனச்சோர்வு' என்று சொல்வதில்லை. "யோசனை கூடிப்போச்சி" என்பார்கள். "நெஞ்சு படபடங்குது", "தலை கனக்குது", "ஒண்ணுலயும் மனசு ஒட்டல". சிம்பாப்வேயில் ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா' என்று ஒரு சொல் இருக்கிறது, அதற்கு அர்த்தம் அளவுக்கு மீறி யோசிப்பது. எங்கள் 'யோசனை' அப்படியே! டிக்ஸன் சிபாண்டா என்கிற மனநல மருத்துவர் 2006-ல் ஹராரேயில் அந்தச் சொல்லிலிருந்தே தொடங்கினார். நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய மனநல டொக்டர்கள்தான். அதனால் பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து, கிளினிக் வாசலில் ஒரு மரப் பெஞ்சில் உட்கார வைத்தார். வருகிறவரின் கதையைக் கேட்பது, ஒரு பிரச்சினையைப் பிடித்து அடுத்த அடியை யோசிக்க உதவுவது, கடுமையாக இருந்தால் மேலே அனுப்புவது. 2016-ல் வந்த ஆய்வில் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு வழமையான சிகிச்சையைவிட நல்ல பலன் தெரிந்தது. எங்கள் லயங்களில் ரிட்டயர் ஆன பிறகும் ஊரே வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிற அப்பாயிமார் இல்லையா? பிள்ளைக் காம்பராவுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு போட எத்தனை லட்சம் வேண்டும்? ஆனால் அந்த அப்பாயிக்குப் பயிற்சி வேண்டும், மேலே அனுப்ப ஒரு ஆஸ்பத்திரி வேண்டும், கையில் காசும் வேண்டும். சும்மா செய் என்று சொன்னால் அது இன்னொரு கொந்தரப்பு.

இதற்கிடையில் யாருக்காவது இப்போதே தாங்க முடியாமல் இருந்தால், தேசிய மனநல நிறுவனத்தின் 1926-க்கு எந்த நேரத்திலும் அழையுங்கள். தமிழில் பேச வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பக்கத்தில் யாராவது இருந்தால் அவர்களையும் கூடவே உட்கார வையுங்கள்.

போன மாதம் நாங்கள் நாலு பேர், எங்களில் ஒருவனின் தோட்டத்துத் தலைவரைப் பார்க்கப் போனோம். கோரிக்கையை ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டு போயிருந்தோம். கிளினிக் கார்ட் காட்டினால் அன்றைக்கு முழுப்பேர், ஊக்கத்தொகையும் சேர்த்து. கிலோ ஒரு வாரம் இறங்கினால் அரைப்பேர் போட முன்னே தனியாக ஒரு வார்த்தை கேட்பது. துரையிலிருந்து கங்காணி வரை வருஷத்துக்கு ஒரு தடவையாவது பயிற்சி, அதுவும் அவர்களுடைய வேலை நேரத்தில். தொழிலாளிக்கு வகுப்பு வைத்தால் அந்த நேரத்துக்கும் கிலோவில் கழிவு. சாக்குக்குக் கழிக்கிறார்களே, அந்த மாதிரி. கிளினிக்கில் தமிழ் பேசுகிற ஒருவருக்காக மாகாண சுகாதாரத் திணைக்களத்துக்கு சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம்.

தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை வாசித்தார். "எல்லாஞ் சரி தம்பிமாரே. துரைகிட்ட 'மன' அப்படின்னு ஆரம்பிச்சா சிரிப்பாரு" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு முதல் வரியைக் காட்டி, "இதுல மனநல கிளினிக்னு மட்டும் போடாதீங்க. பிரஷர், சீனி கிளினிக்கயும் சேத்துப் போடுங்க. அப்பத்தான் யாரு எதுக்குப் போறாங்கன்னு எவனுக்கும் தெரியாது" என்றார்.

அங்கேயே பேனாவை வாங்கிச் சேர்த்தோம். அவர் பக்கத்தை மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சத்தத்தைக் குறைத்து, அந்த கிளினிக் எந்தக் கிழமை என்று கேட்டார்.